வடசென்னையில் மனநல ஆலோசகர்: யாரிடம் போவது, எவ்வளவு ஆகும்?

கேள்வி (2024 பிப்ரவரி 9)

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 26 வயது, விசைப்படகில் வேலை. டிசம்பர் புயலுக்குப் பிறகு சரியாகத் தூங்குவதில்லை. கடலுக்குப் போகாத நாட்களில் படுத்தே கிடக்கிறான். திடீரென்று கை நடுங்குகிறது, மூச்சடைக்கிறது என்கிறான். ரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தாயிற்று, உடம்பில் ஒன்றும் இல்லையாம். கவுன்சிலிங் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். எங்கே போவது? எவ்வளவு கேட்பார்கள்? ஒரு தடவைக்கு 500 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. நம்ம பக்கத்திலேயே யாராவது இருக்கிறார்களா?

பதில் (பிப்ரவரி 9, இரவு)

தங்கச்சி, நேராகச் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கம் யாரும் கிடையாது. அண்ணா நகர், நுங்கம்பாக்கம், அடையாறு என்றுதான் போக வேண்டும். நாமாகக் கேட்டுக் குறைத்தால் தவிர 1,000 ரூபாய்க்குக் குறைந்து நான் பார்க்கவில்லை.

உங்கள் தம்பிக்கு வந்தது எனக்கும் வந்தது. 2019. வீடு தண்டையார்பேட்டை, வேலை மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில். ஒரு நாள் காலை பஸ் கல்மண்டபம் தாண்டும்போது நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், பூ விற்கிற அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு ஈ.சி.ஜி., அடுத்த வாரம் எக்கோ, அப்புறம் டிரெட்மில். 6,800 ரூபாய் போனது. எல்லாம் நார்மல்.

மூன்றாவது முறை ராத்திரி 11 மணிக்கு ஓடினபோது, டூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர் ஈ.சி.ஜி. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பேனாவால் 'பேனிக்' என்று எழுதினார். "அண்ணே, இது இதயம் இல்ல, பயம். ஆனா நிஜமான வியாதிதான். மனநல டாக்டரப் பாருங்க" என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஈ.சி.ஜி. கோடு முழுக்க மங்கிவிட்டது, அவர் எழுதின எழுத்து மட்டும் நிற்கிறது.

இன்று ராத்திரியே தம்பிக்கு முடியவில்லை என்றால் 14416-க்குப் போடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை. மற்றதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

நேற்று எழுதிய முதல் வரி தப்பு. என் மனைவி படித்துவிட்டு, "யாரும் கிடையாதுன்னா, நீங்க ஒன்றரை வருஷம் மாத்திரை வாங்கினது எங்கே?" என்று கேட்டாள். தனியார் கவுன்சிலரை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். அயனாவரம் பக்கம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. எல்லாமே இலவசம், மாத்திரையும் சேர்த்து. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். கவுன்ட்டரில் மூச்சடைப்பு என்று சொன்னால் மறுபடியும் நெஞ்சு டாக்டரிடமே அனுப்பிவிடுவார்கள். "மனநலப் பிரிவு" என்றே கேளுங்கள். பழைய ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கொண்டு போனால் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.

முன்கூட்டியே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே முதலில் பார்ப்பது மருத்துவர். கூட்டம் அதிகம், நேரம் குறைவு. நான் ஒரு அரசு மருத்துவமனைக்கு முதல் தடவை போனபோது, ஐந்து நிமிடத்தில் மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்ததும் மனம் நொந்து வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது தடவைதான் வாய் திறந்து கேட்டேன்: "சார், உட்கார்ந்து பேசறதுக்கு யாராவது இருக்காங்களா?" உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டிருக்காவிட்டால் அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. கேளுங்கள், தங்கச்சி. தயங்காதீர்கள்.

பிப்ரவரி 10, மாலை

யார் யார் என்ன செய்வார்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். பேசி, பயிற்சி கொடுத்து, சோதனைகள் வைத்துப் பார்ப்பார். அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம், அவர்களுடைய இணையதளத்தில் சரிபார்க்கலாம். கவுன்சிலர் என்ற சொல்லில்தான் கவனம் தேவை. உளவியலில் முதுகலை படித்துப் பல வருஷம் வேலை பார்த்தவரும் அதே பெயர்தான் போட்டுக்கொள்கிறார், மூன்று மாதச் சான்றிதழ் வாங்கினவரும் அதே பெயர்தான்.

என் அம்மாவிடம் "கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னபோது வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு, "அப்படியே தெருக்குழாய் விஷயத்தையும் சொல்லிட்டு வா" என்றார். நானும் சரி என்றேன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் அது அப்படியே ஓடியது. பிறகு உண்மையைச் சொன்னபோது அம்மா அழவில்லை, திட்டவில்லை. "இத ஏன்டா மறைச்ச?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 13

"கீழ்ப்பாக்கம் என்று எழுதாதீர்கள், அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் வீட்டில் யாரும் வர மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

புரிகிறது. பள்ளிக்கூடத்தில் நாமும்தான் அந்தப் பெயரை வசவாகச் சொல்லித் திரிந்தோம். நான் சொன்னதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961-லிருந்து 1978 வரை அதன் பொறுப்பில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் விடாமல் 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர். மனச்சிதைவு நோய்க்கு நீண்ட நாள் சிகிச்சையும் மறுவாழ்வும் தேவைப்படுகிறவர்களுக்கு இன்றும் உதவுகிற இடம் அது. நம் ஊர் கேலி செய்த இடத்தில் ஒரு மனுஷி தன் ஆயுளைப் போட்டு வேலை பார்த்திருக்கிறார். அந்தப் பெயரை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முதல் தடவைக்குத் தம்பியை ஸ்டான்லிக்கே கூட்டிப் போங்கள். பொது மருத்துவமனை, எல்லா வியாதிக்காரர்களும் வருகிற இடம். யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

பிப்ரவரி 18

காசு விஷயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நான் 2019-ல் அண்ணா நகரில் ஒரு உளவியலாளரிடம் போனேன். 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். ஏழு தடவை, 8,400. போக வர ஆட்டோ தனி, ஏனென்றால் அப்போது பஸ் ஏறவே பயம். எட்டாவது தடவை போகவில்லை. பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் அது. "காசு இல்லை" என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஊருக்குப் போகிறேன்" என்று பொய் சொல்லி நிறுத்திவிட்டேன். அந்தப் பொய்தான் நான் செய்த பெரிய தப்பு. அதற்குப் பிறகு நாலு மாதம் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இருந்து, திரும்பவும் முதல் படிக்கு வந்தேன்.

ஒரு வருஷம் கழித்து வேறொருவரிடம் தொலைபேசியில் முதலிலேயே கேட்டேன்: "மேடம், எனக்கு மாசம் 1,500 தான் முடியும். அதுக்குள்ள எப்படிப் பார்க்கலாம்?" அவர் கோபப்படவில்லை. 15 நாளுக்கு ஒரு தடவை, 750 ரூபாய் என்று முடிவு செய்தோம். இரண்டு தடவைக்கு நடுவில் செய்ய வேண்டிய பயிற்சிகளை நோட்டில் எழுதிக் கொடுத்தார். இப்படிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்டவர்களுக்குத்தான் குறைக்கிறார்கள். அனுபவசாலியின் மேற்பார்வையில் பயிற்சி எடுக்கிறவர்கள் இன்னும் குறைவாக வாங்குவதுண்டு.

முதல் போனிலேயே நான் இப்போது கேட்கிறது இதுதான். என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன. ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம். எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று தோராயமாகச் சொல்ல முடியுமா. வர முடியாமல் போனால் காசு போகுமா. கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். ஒரு நாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன. நான் போய்ச் சேரும்போது 40 நிமிடம் தாமதம். மீதி பத்து நிமிடம் பேசினோம், முழுக் காசும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ரொம்பக் கோபம். இப்போது யோசித்தால் அந்த ஒரு மணி நேரத்தை அவர் எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார், அது நியாயம்தான். ஆனால் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 18, பின்னிரவு

காப்பீடு விட்டுப்போனது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதன் 21-வது பிரிவு சொல்கிறது. என் அலுவலக பாலிசியில் கேட்டுப் பார்த்தேன். மருத்துவமனையில் சேர்ந்தால் உண்டு, கவுன்சிலிங் கட்டணத்துக்கு இல்லை என்றார்கள். உங்கள் பாலிசியில் புறநோயாளிச் செலவு என்று ஏதாவது இருந்தால் மட்டும் ரசீதோடு கேட்டுப் பாருங்கள். ரசீது வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 21

தம்பி வர மறுக்கிறானாம். "நான் என்ன பைத்தியமா?"

என்னைக் கூட்டிப் போனது என் மச்சான். அவர் மனநலம் என்ற வார்த்தையே எடுக்கவில்லை. "தூக்கத்துக்கு ஒரு டாக்டர் இருக்காராம், வா" என்றார். நீங்களும் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

பிப்ரவரி 22

நேற்றுச் சொன்னதை ஒருவர் கண்டித்திருக்கிறார். ஏமாற்றிக் கூட்டிப் போனால் வாசலில் பலகையைப் பார்த்ததும் நம்பிக்கை உடைந்துவிடும், அப்புறம் எதற்கும் வர மாட்டான் என்கிறார். ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர் சொல்வது சரி. நானும் பலகையைப் பார்த்ததும் மச்சானிடம் ஒரு வாரம் பேசவில்லை, அதை நேற்று எழுத மறந்துவிட்டேன்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உனக்குத் தூக்கம் வரல, கை நடுங்குது. அதுக்கு மனநல டாக்டர்தான் மருந்து கொடுப்பாரு. நானும் கூட வரேன்." உண்மையும் அதுதான்.

கை ஏன் நடுங்குகிறது, விரல் ஏன் மரக்கிறது என்றும் அவனுக்குச் சொல்லுங்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால்தான் மரப்பு, தலைசுற்றல். காற்று போதவில்லை என்று தோன்றும், உண்மையில் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்போம். அண்ணா நகர் உளவியலாளர் இதை எனக்குப் படம் போட்டுக் காட்டினார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொன்னார். அப்புறம் பஸ். முதல் வாரம் ஒரே ஒரு ஸ்டாப் ஏறி இறங்க வேண்டும். நெஞ்சு அடித்தாலும் இறங்கக் கூடாது, அடுத்த ஸ்டாப் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டு. கல்மண்டபத்தைத் தாண்ட எனக்கு ஐந்து வாரம் ஆனது. தாண்டின அன்றைக்கு அதே பெஞ்சில் டீ குடித்தேன். 1,200 கொடுத்தது வீணில்லை என்று அன்றுதான் தோன்றியது.

மார்ச் 2

"எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது, வலை போனது, படகு போனது. வருமானம் இல்லாதவனுக்குக் கவுன்சிலிங் எதற்கு? நிவாரணத்தைக் கேளுங்கள்" என்று எண்ணூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை நானும் பார்த்தேன். எந்த உளவியலாளரும் வலையைக் கழுவித் தர மாட்டார். அதற்குக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஐயா, நிவாரண மனுவோடு அலையவும் வரிசையில் நிற்கவும் மனுஷனுக்குத் தெம்பு வேண்டும். மூன்று மாதம் தூங்காதவனால் அது முடியாது. இரண்டும் வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மார்ச் 9

ஒரு எச்சரிக்கை. என் உறவுக்காரப் பையன் ஒருவனை, மாடியில் அறை எடுத்துக் கவுன்சிலிங் என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். ஐந்து தடவைக்குச் சேர்த்து 2,500 முன்பணம். முதல் நாளே பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு அப்பா அம்மாவிடம், "ஒரு கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்றாராம். அவன் உள்ளே சொன்னதையெல்லாம் அவர்களிடம் ஒப்பித்தும்விட்டார். பையன் அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. காசு திரும்ப வரவில்லை.

மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது அவர்களுடைய கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் அதற்கு விலக்கு.

மார்ச் 10

அந்த ஆபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தம்பி "இருந்து என்ன பிரயோஜனம்", "செத்துடலாம்" என்று எதாவது சொன்னால் கவுன்சிலர் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். தனியே விடாமல் அப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், 108 கூப்பிடுங்கள். சென்னையில் 1986-லிருந்து நடக்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது: 044-24640050. "போலீஸ் கேஸ் ஆகுமோ" என்று பயந்து மறைக்கிறவர்கள் நம்ம பக்கம் நிறைய. 2017 சட்டத்தின் 115-வது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

மார்ச் 24

போன் வழியாகப் பேசலாமா என்று தங்கச்சி கேட்டிருக்கிறார். பயணச் செலவு மிச்சம்தான். ஆனால் ஒரே அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது? நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேன். துணி காயப்போட யாராவது வந்தால் "சரி சார், பில் அனுப்புங்க" என்று அலுவலகப் பேச்சாக மாற்றிவிடுவேன். எனக்குக் கவுன்சிலிங் கொடுத்த அந்தம்மாவும் புரிந்துகொண்டு காத்திருப்பார். பேசும் இடத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் நேரம் குறியுங்கள்.

ஏப்ரல் 16

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் படகு கட்டிக் கிடக்கும். வருமானம் இல்லாத காலம், ஆனால் காலையில் ஓ.பி.க்குப் போக நேரம் இருக்கிற காலமும் இதுதான் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் தங்கச்சியிடமிருந்து செய்தி. தம்பி மூன்று வாரம் முன்பு ஒரு ராத்திரி தானாகவே 14416-க்குப் போட்டிருக்கிறான், படகுத்துறையில் கட்டியிருந்த படகில் உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல். அவர்கள் சொன்ன பிறகு மருத்துவமனைக்கும் போய் வந்திருக்கிறான். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம், ஒன்றும் தெரியவில்லை என்கிறானாம்.

இரண்டு வாரத்தில் தெரியாது. எனக்கு நாலாவது வாரம்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் வந்தது. நன்றானதும் நானே நிறுத்தினேன். மூன்றே நாளில் தலைசுற்றல், எல்லோர் மேலும் எரிச்சல். டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டினால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

ஜூன் 13

நாளையோடு தடை முடிகிறது. இதுவரை நாலு தடவை உளவியலாளரிடம் போயிருக்கிறான், செலவு ஆட்டோவுக்கு மட்டும்தான். இனி படகு ஏறினால் தேதி தவறுமே என்று தங்கச்சி கவலைப்படுகிறார்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை போய், கடலில் எத்தனை நாள் தங்கல் என்று சொல்லிவிட்டு வரட்டும். அதற்கேற்ப மாத்திரை கேட்டு வாங்க வேண்டும், இரண்டு நாளுக்கு அதிகமாகவே. படகில் யாராவது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். தூக்கம் வரவழைக்கிற மாத்திரை என்றால் வலை இழுக்கும் நேரத்தைச் சொல்லி எப்போது போடுவது என்று டாக்டரிடமே கேட்க வேண்டும், இது முக்கியம். ஓ.பி. சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். மாத்திரையை மட்டும் மூடி போட்ட டப்பாவில், உப்புத் தண்ணீர் படாமல்.